அடிப்பது கை... அடி வாங்குவது முதுகு!

"டாக்டர், மறுபடியும் பிடிச்சிக்கிச்சு!"

கதவு நிலையைப் பிடித்தபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார் அவர். வயது 56. சொந்தமாக ஏற்றுமதித் தொழில். நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு. பின்னாலேயே வந்த அவர் மனைவி, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர்... இந்த வயசுல இவருக்கு இந்தப் பந்தடிக்கிற வேலை தேவையா?"

பந்தடிக்கிற வேலை என்று அந்த அம்மா சொன்னது கோல்ஃப் விளையாட்டை. எட்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் நொச்சி இலை ஒற்றடம், தைலம், தொக்கணம் என்று பத்து நாள் வைத்தியம் செய்வேன். மனிதர் நிமிர்ந்து நடந்து போவார். மூன்று வாரம் கழித்து மறுபடி சாய்ந்து கொண்டு வருவார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர், "டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை. ஆனால் இப்படியே போனால் சொல்ல முடியாது" என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கே என் மேல் கோபம் வந்தது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், "நோயாளியின் நாடியை மட்டும் பார்க்காதே, அவன் செய்கிற தொழிலையும் பார்" என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் இவரிடம் சாப்பாடு கேட்டேன், தூக்கம் கேட்டேன், மலச்சிக்கல் உண்டா என்று கேட்டேன். "நீங்கள் எப்படிப் பந்தை அடிக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று மட்டும் கேட்கவே இல்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கே போய்விட்டேன். வலி இருந்ததால் அவரை ஆடவிடவில்லை. அவருடைய செல்போனில் இருந்த பழைய வீடியோவைப் பார்த்தேன். அவரோடு வழக்கமாக ஆடும் நண்பரின் ஆட்டத்தை நேரிலேயே பார்த்தேன்.

வீடியோவில் நம்ம ஆள் கால் இரண்டையும் ஆணி அடித்த மாதிரி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, தோளை மட்டும் திருகி, கை நரம்பு புடைக்க ஓங்கி அடிக்கிறார். பந்து கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் வளைந்து மரத்தடியில் விழுகிறது. நண்பருக்கு 66 வயது. ஒல்லியான தேகம். சோம்பேறித்தனமாகச் சுற்றுவது போல ஒரு சுற்று... பந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் விழுகிறது.

"என்னைவிட 15 கிலோ குறைச்சல் டாக்டர். பத்து வயசு பெரியவர். எப்படி?" என்றார் இவர், வலியைவிட அதிக வேதனையோடு.

பதில் சொன்னது நானல்ல. மட்டைப் பையைச் சுமந்து வந்த பெரியவர். அங்கே இவர்களை 'கேடி' என்கிறார்கள். (போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டுவார்களே, அந்தக் கேடி இல்லை!) இளம் வயதில் சிலம்பம் கற்றவராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா கையால அடிக்கிறாரு. அவரு காலால அடிக்கிறாரு. அம்புட்டுதான் டாக்டரய்யா."

நாற்பது பக்கத்தில் எழுத வேண்டிய விஷயத்தை மனிதர் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன். கோல்ஃப் ஆடாதவர்களும் படியுங்கள். உங்கள் முதுகுக்கும் இதில் சேதி இருக்கிறது.

காலால் அடிப்பதா?

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் அதன் மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பிறகு சட்டென்று எழுந்து நில்லுங்கள். முள் ஒரு கணம் 60-ஐத் தாண்டித் துள்ளும். உங்கள் எடை கூடிவிட்டதா? இல்லை. நீங்கள் தரையை அழுத்தினீர்கள். தரை அதே அளவு உங்களைத் திருப்பி அழுத்தியது. பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

கோல்ஃப் அடியின் முதல் சக்தி இந்தத் தரை தரும் சக்தி. நல்ல ஆட்டக்காரர் தரையை மூன்று விதமாகத் தள்ளுகிறார். முதலில் பக்கவாட்டில்: உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறுகிறது. அடுத்தது திருகல்: வலது கைக்காரர் என்றால் இடது பாதம் தரையை முன்பக்கமாகவும், வலது பாதம் பின்பக்கமாகவும் தள்ளும். இரண்டு பாதமும் எதிரெதிராகத் தள்ளுவதால் இடுப்பு சுழல்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திருப்புகிறோமே, அதே மாதிரி! கடைசியாக மேல்நோக்கி: மடங்கியிருந்த முன்கால் நிமிர்ந்து தரையை உதைக்கிறது. அந்தக் கணத்தில் தரை தரும் எதிர்விசை உடல் எடையைத் தாண்டிவிடும்.

எண்ணெய் சிந்திய தரையில் நின்று ஓங்கி அடிக்க முடியுமா? வழுக்கி விழுவோம். கோல்ஃப் ஷூவின் அடியில் முள் முள்ளாக இருப்பது அழகுக்காக அல்ல. சக்தி பிறக்கும் இடம் அதுதான்.

சடன் பிரேக் ரகசியம்

கால் தந்த சக்தி மட்டைக்கு எப்படிப் போகிறது?

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். பஸ் நிற்கிறது. நீங்கள் முன்னால் பாய்கிறீர்கள். உடம்புக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. முதலில் இடுப்பு வேகமாகச் சுழல்கிறது. அது வேகம் குறையும்போது மார்புக்கூடு அதைவிட வேகமாகச் சுழல்கிறது. மார்பு தணியும்போது கை ஓடுகிறது. கை தணியும்போது மட்டை பறக்கிறது. ஒருவர் நின்று அடுத்தவருக்கு வேகத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் தொடர் ஓட்டப் பந்தயம் இது. இடுப்பு, மார்பு, கை, மட்டை என்ற இந்த வரிசை மாறினால் வேகம் பாதி வழியிலேயே காணாமல் போகும்.

இதற்கு நடுவில் இன்னொரு சக்தியும் சேர்கிறது. மட்டையைப் பின்னால் தூக்கும்போது தோள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புகிறது. இடுப்பு அதில் பாதிதான் திரும்புகிறது. இந்த வித்தியாசத்தில் வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளும் முதுகுத் தசைகளும் உண்டிவில் ரப்பர் போல இழுபடுகின்றன. இழுத்து உடனே விட்டால் பலம் அதிகம். இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் அது ஆறிப் போய்விடும்.

துணி துவைத்த கைகள்

கடைசிக் கண்ணி மணிக்கட்டு. 1968-ல் கோக்ரன், ஸ்டாப்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் கோல்ஃப் உலகில் பிரசித்தம். அவர்கள் கையையும் மட்டையையும் ஒன்றோடொன்று கீல் போட்டு இணைத்த இரண்டு ஊசல்களாகப் பார்த்தார்கள். தோளிலிருந்து ஆடுவது ஒரு ஊசல். மணிக்கட்டிலிருந்து ஆடுவது இன்னொன்று.

இதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சி நூல் தேவையில்லை. தாமிரபரணிக் கரையில் கல்லில் துணி துவைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றும்போது கை முன்னால் வரும். துணி பின்தங்கி வரும். கடைசி நேரத்தில் கை நிதானிக்கும். துணி கையை முந்திக்கொண்டு 'பளார்' என்று கல்லில் விழும். அந்தக் கடைசி வீச்சுதான் கோல்ஃபின் உயிர். மணிக்கட்டை முதலிலேயே விசிறிவிட்டால், பந்து இருக்கும் இடத்துக்கு வரும்போது சரக்கு தீர்ந்துவிடும். என் நோயாளி செய்துகொண்டிருந்தது இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீள மட்டையான 'டிரைவர்' சுமார் 45 அங்குலம். அதன் தலை சுமார் 200 கிராம். தொழில்முறை ஆட்டக்காரர் கையில் அந்தத் தலை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் மட்டை கையை விட்டு ஓடப் பார்க்கும் இழுப்பு, முப்பது நாற்பது கிலோ எடையைத் தொங்கவிட்டது மாதிரி! பந்து 46 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு நொடியை 2000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கையால் முக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஒரு மாத்திரை நேரம்

மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் சுமார் கால் நொடி. மாத்திரை என்றால் வைத்தியன் எழுதித் தருவது மட்டுமல்ல. கண் இமைக்கும் நேரத்துக்கும் தமிழ் இலக்கணத்தில் அதுதான் பெயர். அந்த ஒரு மாத்திரைக்குள் கால், இடுப்பு, மார்பு, கை, மணிக்கட்டு எல்லாம் வரிசை தப்பாமல் வேலை செய்ய வேண்டும். நடுவில் யோசித்துத் திருத்த நேரம் கிடையாது. உடம்பு பழகியிருந்தால்தான் உண்டு.

தச வாயுக்களில் வியானன் என்று ஒருவனைச் சித்தர்கள் சொன்னார்கள். கை கால்களை நீட்டுவதும் மடக்குவதும் அவன் பொறுப்பு. உடம்பு முழுக்கப் பரவியிருப்பவன். அசைவு என்பது ஒரு உறுப்பின் வேலை அல்ல, முழு உடம்பின் வேலை என்பதை அந்தக் கணக்கிலும் பார்க்கலாம்.

முதுகுக்கு என்ன கோபம்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். சக்தி காலில் பிறந்து கையில் முடிகிறது. முதுகு நடுவில் இருக்கும் பாலம். பாலத்தின் வேலை வண்டியைக் கடக்க விடுவது. வண்டியை இழுப்பது அல்ல.

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள். முன்னே குனிய, பின்னே வளைய அவை நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் திருகுவதற்கு? ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி அளவுதான் திரும்பும். கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிஷத்தில் நகரும் தூரம்கூட இல்லை! அதிகமாகத் திரும்ப வேண்டியவை மேல்முதுகும், தொடை எலும்பு பொருந்தும் இடுப்பு மூட்டும்தான். அந்த மூட்டு இறுகிப்போனால், மீதித் திருகல் கீழ்முதுகின் தலையில் விழுகிறது. ஓங்கி அடிக்கும் கணத்தில் கீழ்முதுகு தாங்கும் அழுத்தம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை போகலாம் என்று அளந்திருக்கிறார்கள். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அதிகமாக வரும் தொல்லை கீழ்முதுகு வலி என்பதில் ஆச்சரியம் என்ன?

என் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தேன். வலது இடுப்பு மூட்டு நன்றாகத் திரும்பியது. இடது மூட்டு பாதிகூடத் திரும்பவில்லை. வலது கைக்காரர் அடித்து முடிக்கும்போது உடம்பு முழுவதும் சுழல்வது அந்த இடது மூட்டின் மேல்தான்! நாள் முழுக்க நாற்காலி, கார், மறுபடி நாற்காலி. மூட்டு துருப்பிடித்த கீல் போல ஆகியிருந்தது. நான் எட்டு மாதமாகத் தைலம் போட்டுத் தேய்த்தது பாலத்தை. பழுதாகிக் கிடந்தது பக்கத்துச் சாலை!

போதாததற்கு, இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் திருப்பினால் பலம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு அப்படியே செய்திருக்கிறார். 1990-களில் பிரபலமான யோசனை அது. வளையும் இருபது வயது உடம்புக்கு ஒருவேளை சரிப்படலாம். 56 வயது நாற்காலி உடம்புக்கு? பழைய மேதைகள் பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லாஸும் மட்டையைத் தூக்கும்போது இடது குதிகாலைத் தரையிலிருந்து எழும்ப விட்டார்கள். இடுப்பும் தாராளமாகத் திரும்பியது. நிக்லாஸ் 1986-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 46.

இரண்டு பாடங்கள்

அமெரிக்காவின் பென் ஹோகன் பெரிய உடம்புக்காரர் அல்ல. 1949 பிப்ரவரியில் அவர் கார் மீது பஸ் மோதி இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. 16 மாதம் கழித்து, 1950-ல், கால்களில் கட்டுப் போட்டுக்கொண்டு அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். முரட்டுப் பலத்தால் ஆகிற காரியமா அது?

டைகர் உட்ஸுக்கு 2014-ல் முதல் முதுகு ஆபரேஷன். 2017 ஏப்ரலில் நான்காவது. அதில் கீழ்முதுகு எலும்புகளையே இணைக்க வேண்டி வந்தது. 2019-ல் மீண்டு வந்து மாஸ்டர்ஸ் வென்றார். உலகமே கைதட்டியது, சரி. ஆனால் அவருக்கு இருந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் ஓய்வும் நமக்கு உண்டா?

தூரம்தான் எல்லாமா என்றால் அதுவும் இல்லை. பெங்களூரின் அதிதி அசோக் மிக நீளமாக அடிக்கக்கூடியவர் அல்ல. ஆனாலும் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தார். பதக்கம் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் தவறியது.

வீட்டிலேயே ஒரு சோதனை

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்கள் நகரக் கூடாது. பிட்டம் தூக்கக் கூடாது. ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக எவ்வளவு தூரம் கொண்டு போக முடிகிறது என்று பாருங்கள். பிறகு அடுத்த பாதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, இரண்டுமே அசைய மறுத்தாலோ, உங்கள் இடுப்பு மூட்டு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கோல்ஃப் ஆடாவிட்டாலும் அந்தக் கடனைக் கீழ்முதுகுதான் கட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வாளியைத் தூக்கித் திரும்பும்போதும், குனிந்து பெருக்கும்போதும், காரிலிருந்து பையை எடுக்கும்போதும் 'சுரீர்' என்பது பல சமயம் இதனால்தான்.

அவருக்கு நான் சொன்னவை இவைதான்:

* வலி தீரும்வரை ஆட்டம் இல்லை. படுத்தே கிடக்கவும் வேண்டாம். மெதுவாக நடக்க வேண்டும்.

* தைலமும் தொக்கணமும் முதுகோடு நிற்காமல் இடுப்பு மூட்டைச் சுற்றியும், தொடையின் பின்பக்கத்துக்கும். இவை இறுக்கத்தைத் தளர்த்தும். ஆடுகிற முறையை மாற்றாது. அதை அவர்தான் மாற்ற வேண்டும்.

* தினமும் காலை, மாலை இடுப்பு மூட்டைச் சுழற்றும் பயிற்சி பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாற்காலியை விட்டு எழுவது.

* ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷ நடை. முதலில் சிறிய மட்டையால் மெதுவாகச் சில அடிகள். காரிலிருந்து இறங்கியதும் நீள மட்டையைத் தூக்குவது கூடாது.

* நிற்கும்போது இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைப்பது. மட்டையைத் தூக்கும்போது இடுப்பைத் திரும்ப விடுவது. குதிகால் எழும்பினால் எழும்பட்டும்!

* முக்கால் பங்கு வேகம் போதும்.

ஓர் எச்சரிக்கை: முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தளர்ந்தாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்மருந்து எதுவானாலும் மருத்துவர் நேரில் பார்த்துத் தரவேண்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்பதில்லை.

அந்த அம்மா என்ன சொன்னார்?

நான்கு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். மனிதர் நேராக நடந்து வந்தார். "தூரம் எப்படி?" என்று கேட்டேன்.

"பெரிசா கூடலை டாக்டர். குறையவும் இல்லை. ஆனா மறுநாள் காலையில கட்டில்ல இருந்து சாதாரணமா எழுந்திருக்கேன்!" என்றார். வைத்தியனுக்கு இதைவிட என்ன சம்பளம் வேண்டும்?

"ஏம்மா, இப்பவும் பந்தடிக்கிற வேலை வேண்டாம்னுதான் சொல்றீங்களா?" என்று அந்த அம்மாவைப் பார்த்தேன்.

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தார். பதிலை வீட்டுக்காரர் சொன்னார்: "அதை ஏன் கேக்கறீங்க! ஒரு நாள் கூட வந்தா. சும்மா ஒரு தடவை அடிச்சுப் பாருன்னு மட்டையைக் குடுத்தேன். அடிச்சதைப் பார்த்துட்டு அந்தப் பெரியவர், 'அம்மா ஊர்ல கல்லுல துணி துவைச்சவங்க போல... முதல் நாளே காலால அடிக்கிறாங்களே'ன்னுட்டார்!"